பச்சையெல்லாம் காடு அல்ல

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் நகரத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் பத்து நிமிடத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனை வந்துவிடும். மோரிப் கடற்கரைக்குப் போனாலும் அதுதான். கேரித்தீவுப் பாலத்தைத் தாண்டினாலும் அதுதான். கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் வாழும் உறவினர்கள் பள்ளி விடுமுறைக்கு வந்தால், "உங்களுக்கென்ன, காட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள்" என்று பெருமூச்சு விடுவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டை வரையச் சொல்லிப் பாருங்கள். வரிசை பிசகாமல் செம்பனையை வரைந்து, இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு புலியை நிறுத்திவிடுவார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் காடழிப்பைப் பற்றிப் பேசும்போது வரும் முதல் சிக்கல் இதுதான். நம்மைச் சுற்றிப் பச்சை குறையவே இல்லை. ஆகவே எதுவும் அழியவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் செம்பனைத் தோட்டம் காடு அல்ல. காடு இருந்த இடம்.

அப்படியானால் எது காடு? ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, விவசாய நிறுவனம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. நிலம் அரை ஹெக்டருக்குக் குறையக் கூடாது. மரங்கள் ஐந்து மீட்டருக்கு மேல் வளர வேண்டும். அவற்றின் இலைக்கூரை நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கவிந்திருக்க வேண்டும். விவசாய நிலம் இதில் சேராது என்பதால் செம்பனை கணக்கில் வராது. வேடிக்கை என்னவென்றால், அதே வரையறை ரப்பர் தோட்டத்தை மட்டும் காட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நம் பாட்டி விடியற்காலையில் பால் வெட்டிய நிரை ஏட்டின்படி காடு; அந்தப் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டால் அது காடழிப்பு! காட்டுப் பரப்பு இத்தனை விழுக்காடு என்று எந்த நாடு அறிவித்தாலும், அதற்குள் எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் நம்புவேன்.

ஏட்டை விட்டுவிட்டு நிலத்தைப் பார்ப்போம். நெகிரி செம்பிலானில் சிம்பாங் பெர்த்தாங் பக்கம் பாசோ வனக் காப்பகம் இருக்கிறது. அங்கே 50 ஹெக்டர் நிலத்தை 1980களிலிருந்து ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணி, அளந்து வருகிறார்கள். பென்சில் பருமனுள்ள கன்று வரை கணக்கெடுத்ததில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள்; அவற்றில் 800க்கும் மேற்பட்ட இனங்கள். அதே 50 ஹெக்டரில் செம்பனை நட்டால் ஏறத்தாழ 7,000 மரம் நிற்கும். இனம் ஒன்றே ஒன்று. தரையில் மரத்தைச் சுற்றி மருந்தடித்துச் சுத்தமாக்கிய வட்டம், வெட்டிப்போட்ட மட்டைகளின் குவியல், குலை ஏற்றும் வண்டித் தடம். அவ்வளவுதான். பாசோவைச் சுற்றிலும் இன்று பெரும்பகுதி செம்பனைதான் என்பதால், தோட்டத்தில் உதிர்ந்த பழத்தைத் தின்று பெருகும் காட்டுப்பன்றிகள் காட்டுக்குள் புகுந்து இளங்கன்றுகளை ஒடித்துக் கூடு கட்டுகின்றன. காட்டை வெட்டாமல் விட்டாலும், அதன் ஓரத்தை வெட்டினால் உள்ளே இருப்பதும் மெல்ல மாறிவிடும்.

காடழிப்பு என்பது மரம் வெட்டுவது மட்டுமல்ல. வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர விட்டால் அதைக் கணக்கில் காடழிப்பாகக் கொள்வதில்லை. நிலத்தின் பயன்பாடே மாறி, தோட்டமாகவோ சுரங்கமாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ ஆகிவிட்டால்தான் அந்தப் பெயர். பெரிய மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து இழுத்துப்போன பிறகு, பாதையும் பள்ளமுமாக நிற்கும் காடு பெயரளவில் காடாகவே இருக்கும், உள்ளே நலிந்திருக்கும். உலக அளவில் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி ஹெக்டர் காடு வேறு பயன்பாட்டுக்குப் போகிறது. நலிந்தது இந்தக் கணக்குக்கு வெளியே.

காட்டினால் என்ன பயன் என்றால், பள்ளிக் கட்டுரையில் 'உயிர்வளி தருகிறது' என்று தொடங்குவோம். அது தவறில்லை, ஆனால் முதிர்ந்த காடு தான் வெளிவிடும் உயிர்வளியில் பெரும்பகுதியைத் தானே செலவழித்துவிடுகிறது. பந்திங்காரர்களுக்கு அதைவிட நெருக்கமான பயன் தண்ணீர்.

நம் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் லங்காட் ஆறு, உலு லங்காட்டில் நுவாங் மலைப் பக்கம் பிறக்கிறது. அந்த மலை தித்திவங்சா தொடரைச் சேர்ந்தது. இன்னும் காடு மூடியது. அங்கே மழை நேராக மண்ணில் விழுவதில்லை. நாற்பது மீட்டர் உயரத்து மரத்தில் விழுந்து, அதற்குக் கீழே உள்ள மரத்தில் வழிந்து, செடிகொடியில் சொட்டி, கடைசியில் கணுக்கால் அளவு சருகில் இறங்குகிறது. கொஞ்சம் வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. மண்ணுக்குள் பழைய வேர்கள் மட்கி விட்டுப்போன துளைகளும் கறையானும் மண்புழுவும் குடைந்த வழிகளும் இருப்பதால் மீதித் தண்ணீர் உள்ளே போய், நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. மழையில்லாத மாதத்திலும் ஆறு ஓடுவது இதனால்தான். மரத்தை எடுத்துவிட்டு, மண்ணின் மேல் புல்டோசரை ஓட்டினால் அந்தத் துளைகள் நசுங்கிவிடும். பெய்த தண்ணீருக்கு மேலே ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை. மறுநடவுக்காகச் செம்பனையைச் சாய்த்து மண்ணைத் திறந்து போட்டிருக்கும் தோட்டத்தின் பக்கம், ஒரு நல்ல மழை விட்ட அரைமணி நேரத்தில் போய்க் கால்வாயைப் பாருங்கள். தேத்தண்ணீர் நிறத்தில் குழம்பி ஓடும். ஓடுவது மேல்மண், உரம் போட்ட மண்ணும் அதுதான்.

கோல லங்காட் வட்டாரத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. இங்கே எஞ்சியிருக்கும் காடு சதுப்புக்காடு. அதன் அடியில் இருப்பது கரிமண். மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் முழுக்க மட்காமல், அடுக்கடுக்காகப் படிந்த மண் இது. கையில் அள்ளினால் ஊறவைத்த தேங்காய் நாரைப் போல இருக்கும். பிழிந்தால் கறுப்பாகத் தண்ணீர் வடியும். உலக நிலப்பரப்பில் இவ்வகை மண் 3 விழுக்காடுதான். ஆனால் உலக மண்ணில் இருக்கும் கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்குள் அடைந்து கிடக்கிறது.

இதில் பயிரிட வேண்டுமென்றால் முதலில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்தவுடன் காற்று உள்ளே புகுகிறது; இத்தனை காலம் மட்காமல் கிடந்தது மட்கத் தொடங்குகிறது. கரிமம் காற்றில் கலக்க, நிலம் கீழே இறங்குகிறது. முதல் சில ஆண்டுகளில் ஒரு மீட்டருக்கும் மேல், பிறகு ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர். கரிமண் தோட்டங்களில் செம்பனை மரங்கள் குடித்தவனைப் போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, வேர் வெளியே தெரிய நிற்பது இதனால்தான். மரம் வளைந்து வளரவில்லை. அடியில் இருந்த தரை போய்விட்டது. கடலோரத்தில் நிலம் இப்படி இறங்கிக்கொண்டே போனால் ஒரு நாள் ஆற்றுமட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம் வடிப்பதற்கு இடம் இருக்காது.

அடுத்தது உயிரினங்கள். இங்கே புலி, யானை என்று தொடங்குவதுதான் வழக்கம். நாட்டில் இயற்கையாக வாழும் மலாயாப் புலிகள் இப்போது 150க்கும் குறைவு; சுமத்ரா காண்டாமிருகத்தில் மலேசியாவின் கடைசி விலங்கு 2019-இல் சபாவில் இறந்தது. இவை பெரிய இழப்புகள்தாம். ஆனால் நம் சோற்றுத் தட்டோடு தொடர்புள்ளவை சிறிய உயிர்கள்.

1980 வரை செம்பனைத் தோட்டங்களில் பெண்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஆண் பூவின் மகரந்தத் தூளை மாவுத்தூளோடு கலந்து, பெண் பூக்களின் மேல் கையால் ஊதிவிடுவது. செம்பனை ஆப்பிரிக்க மரம். இங்கே அதற்குச் சரியான பூச்சி இல்லை. 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் வண்டு நாடெங்கும் பரவி, அந்த ஊதும் வேலையே இல்லாமல் போயிற்று. இந்த நாட்டுக்குக் கோடிக்கோடியாக ஏற்றுமதி வருமானம் தரும் தொழில், ஆப்பிரிக்கக் காட்டோரத்து வண்டு ஒன்றை நம்பி நடக்கிறது. அந்த வண்டைத் தேடிப் போனபோது அது அங்கே இருந்தது என்பதுதான் முக்கியம்.

டுரியானின் கதையும் இப்படித்தான். அதன் பூ இரவில் மலர்கிறது. மகரந்தம் சேர்ப்பது வௌவால். தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலைக் குகைகளில் தேன் குடிக்கும் வௌவால் இனம் ஒன்று தங்குகிறது. அவை கடலோரச் சதுப்பில் பெரெம்பாங் என்ற அலையாத்தி மரத்தின் பூக்களைத் தேடி 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போய்வருவதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மற்ற நாள்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது கடலோரக் காடு. கிள்ளான் பக்கம் அலையாத்தி மரத்தை அழித்தால் பாதிப்பு எங்கோ உள்நாட்டில் ஒரு டுரியான் மரத்தடியில் தெரியும். காரணம் யாருக்கும் விளங்காது.

சரி, காடு ஏன் அழிந்தது? நம்மவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான பகுதி. 'காட்டை வெட்டி நாடாக்கினோம்' என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல உரிமை உண்டு. அந்த உழைப்பில் செத்தவர்கள் ஏராளம். 1877-இல் கோலகங்சாரில் சில ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. 1890களில் மலாக்காவில் வணிகத் தோட்டம் தொடங்கியது. 1917-இல் கோல சிலாங்கூர் அருகே தென்னமாரம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. இந்த நாற்பது ஆண்டுகளில் மேற்குக் கடற்கரையின் சமவெளிக்காடு பெருமளவு போய்விட்டது. முடிவெடுத்தவர்கள் இலண்டனில் பங்கு வைத்திருந்தவர்கள். கத்தி பிடித்தவர்கள் கப்பலேறி வந்தவர்கள்.

அந்த மரணங்களிலும் காட்டைப் பற்றிய ஒரு பாடம் இருக்கிறது. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கடலோரச் சதுப்பைத் திருத்தித் தண்ணீரை வடித்ததும் மலேரியா குறைந்ததைக் கண்டார். அங்கே நோயைப் பரப்பிய கொசு நிழலான தேங்குநீரில் முட்டையிடும் இனம். அதே முறையை நம்பி மலைப்பாங்கான இடங்களில் காட்டை வெட்டியபோது மலேரியா கூடியது! மலையில் இருந்தது வேறு கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. காட்டு நிழலில் அடங்கிக் கிடந்ததை வெயிலைத் திறந்துவிட்டுப் பெருக்கினார்கள். காடு அழிந்தால் இன்னதுதான் நடக்கும் என்று ஒரே சூத்திரம் சொல்லிவிட முடியாது. இடம் மாறினால் விளைவும் மாறும்.

நோய் விஷயத்தில் பிந்திய நாள்களிலும் இதைப் பார்த்தோம். 1998-99இல் நிப்பா கிருமி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏறத்தாழ 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவாலிடமிருந்து, பன்றிக்கொட்டகையை ஒட்டி வளர்த்த பழமரங்கள் வழியாகக் கிருமி இறங்கியது. மனிதருக்குள் மட்டுமே பரவும் மலேரியாவை மலேசியா ஏறக்குறைய ஒழித்துவிட்டது; ஆனால் குரங்கிலிருந்து தொற்றும் மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது, பெரும்பாலும் சபா, சரவாக்கில், காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கு.

இன்றைய காரணங்களில் செம்பனை முதலிடத்தில் இருக்கிறது. நாட்டில் 50 லட்சம் ஹெக்டருக்கும் மேல் செம்பனைதான். அணைக்கட்டு, நெடுஞ்சாலை, ஈயச் சுரங்கம் எல்லாம் அவரவர் பங்கைச் செய்திருக்கின்றன. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது சட்டமும் பணமும். நம் அரசியலமைப்புப்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. மாநிலத்துக்கு வருமானம் வரும் வழிகள் குறைவு. மரமும் நிலமும் அவற்றில் முக்கியமானவை. நிற்கும் காடு கஜானாவுக்கு ஒரு காசு தருவதில்லை. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019-இல் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கத் தொடங்கியது. 2024-க்கு அது 20 கோடியானது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துத்தான்.

'நிரந்தர வனக் காப்பகம்' என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அந்த நிலம் அதைவிட உயர்ந்த பொருளாதாரப் பயனுக்குத் தேவைப்பட்டால் மாநில அரசு அதைக் காப்பகத்திலிருந்து நீக்கலாம் என்கிறது. காட்டைவிட உயர்ந்த பொருளாதாரப் பயன் எது என்று கேட்டால் மேம்பாட்டாளர் ஒவ்வொருவரும் ஒரு வரைபடத்தை விரிப்பார்.

நம் வட்டாரத்திலேயே இது நடந்தது. வடக்குக் கோல லங்காட் வனக் காப்பகம் 1927-இல் 7,000 ஹெக்டருக்கும் மேல் இருந்தது. தேய்ந்து தேய்ந்து ஆயிரத்துக்கும் குறைவாயிற்று. அதிலும் 97 விழுக்காட்டை நீக்கப்போவதாக 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. காப்பகத்தை நீக்கும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சிலாங்கூர் 2011-இல் சட்டத்தைத் திருத்தியிருந்ததால்தான் அந்த அறிவிப்பே வெளியானது. தலைமுறைகளாக அந்தக் காட்டையொட்டி வாழும் தெமுவான் பூர்வகுடியினர் எதிர்த்தார்கள். ஆயிரக்கணக்கான ஆட்சேபங்கள் குவிந்தன. எனினும் 500 ஹெக்டருக்கும் மேல் நீக்கப்பட்டுவிட்ட செய்தி 2021 ஆகஸ்டு இறுதியில் தெரியவந்தது. மறுபடி கொந்தளிப்பு. செப்டம்பரில் மாநில அரசு முடிவை மாற்றி, நிலத்தை மீண்டும் காப்பகமாக்கியது. பந்திங் சாப்பாட்டுக் கடைகளில் இதைப் பற்றிய பேச்சு அதிகம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பூர்வகுடியினர் போராட்டம் நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். தோட்டத்தை விற்றபோது கோயிலும் பள்ளியும் வீடும் போன அனுபவம் உள்ள நாம் அப்படி இருந்திருக்கக் கூடாது.

விளைவுகளைப் பெரிய அளவில் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது புகை பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்தது. அங்கேயும் எரிந்தது வடிக்கப்பட்ட கரிமண்தான். இந்தோனேசியாவை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. வறண்ட மாதங்களில் நம் ஜோஹான் செத்தியாவில் கரிமண் எரிந்து, கிள்ளான் பிள்ளைகள் இருமுவது அடிக்கடி நடப்பது. கரிமண் தீ மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டே போகும். தீயணைப்பு வண்டியால் மட்டும் அதை அணைத்துவிட முடியாது. நிலத்தடி நீர் உயர வேண்டும்.

2021 டிசம்பர் வெள்ளத்தை எவரும் மறக்கவில்லை. தாமான் ஸ்ரீ மூடா, உலு லங்காட், டெங்கில் எல்லாம் மூழ்கின. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இழப்பு 610 கோடி ரிங்கிட். 'காட்டை வெட்டினார்கள், வெள்ளம் வந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அன்று பெய்த மழை அசாதாரணமானது. மண் நிறைந்துவிட்டால் எந்தக் காடும் மிச்சத்தைத் தடுக்காது. சாதாரண மழையில் வரும் வெள்ளத்தைக் காடு நன்றாகக் குறைக்கும், பெருமழையில் குறைவாகவே உதவும். ஆனால் வெட்டுமரமும் சேறும் சேர்ந்து வரும் வெள்ளம் வேறு வகை. 2022 ஜூலையில் கெடா மாநிலத்துப் பாலிங்கில் மூவரைப் பலிகொண்ட வெள்ளத்தில் வீடுகளை இடித்தவை மலையிலிருந்து வந்த மரங்கள். மேலே இனாஸ் மலையில் டுரியான் தோட்டத்துக்காகக் காடு திறக்கப்பட்டிருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இதற்கெல்லாம் செம்பனையை ஒழிப்பதுதான் வழி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதே அளவு எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுக்கப் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலமும் எங்கோ ஒரு காடாகத்தான் இருந்திருக்கும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து விளைந்த பொருள் எங்களுக்கு வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்தபோது, தங்கள் காட்டை எப்போதோ வெட்டித் தின்றவர்களின் உபதேசம் என்று இங்கே எரிச்சல் எழுந்தது. எரிச்சலில் நியாயம் உண்டு. அதற்காகச் சட்டத்தின் நோக்கம் கெட்டதாகிவிடாது. இருக்கும் தோட்டங்களில் நன்கு மறுநடவு செய்து விளைச்சலைக் கூட்டினால் புதிதாகக் காட்டுக்குள் போகத் தேவையில்லை.

மரக்கன்று நடும் விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரமுகர் வந்து கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் கெடுதல் இல்லை. ஆனால் அழிந்த காட்டை அது மீட்காது. கரிமண் காட்டில் முதல் வேலை மண்வெட்டியோடு கால்வாய்க்குப் போவதுதான். கோல சிலாங்கூர் பக்கம் ராஜா மூசா வனக் காப்பகத்தில் சட்டவிரோதமாகப் பயிரிட்டவர்கள் 2008-இல் வெளியேற்றப்பட்ட பிறகு அப்படித்தான் செய்தார்கள். வெட்டப்பட்டிருந்த கால்வாய்களை அடைத்துத் தண்ணீரை மறுபடி நிலத்தில் தேக்கினார்கள். நிலம் ஈரமானதும் வெயிலையும் வெள்ளத்தையும் தாங்கும் மகாங் போன்ற மரங்களைத் தொண்டர்களும் மாணவர்களும் நட்டார்கள். மகாங் விரைவில் உயர்ந்து நிழல் கொடுக்கும். நிழல் விழுந்த பிறகே காட்டின் மற்ற மரங்கள் அடியில் தலைகாட்டும்.

வடக்குக் கோல லங்காட் காப்பகத்தை நீக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று, அதன் ஒரு பகுதி தீயில் பலமுறை எரிந்து நலிந்துவிட்டது என்பது. ராஜா மூசாவும் பலமுறை எரிந்த காடுதான்.